இரண்டாம் பாகத்தில் குடை விரியவில்லை

அன்றைக்கு அந்தத் தியேட்டரில், எங்கள் வரிசையில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் எங்கள் வீட்டுக் கல்யாணக் கதையைச் சொல்லும்போது "நானும் அங்கனதான் இருந்தேன்" என்று ஆளாளுக்குச் சேர்ந்துகொள்கிறார்கள். அதனால்தான்.

எங்கள் பக்கம் நான், என் அம்மா, அம்மாவின் அண்ணன் பரமசிவம் மாமா, ஆட்டோ ஓட்டும் செல்லையா அண்ணாச்சி. அவர்கள் பக்கம் ஆழ்வார்குறிச்சியிலிருந்து வந்திருந்த சங்கரி, சங்கரியின் அப்பா, அத்தை, அண்ணன் மனைவி. இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலி. அதற்கும் மாமா காசு கொடுத்து டிக்கெட் எடுத்திருந்தார்.

செல்லையா அண்ணாச்சிக்கும் எங்களுக்கும் உறவு எதுவும் கிடையாது. பேட்டையிலிருந்து எங்களை ஏற்றிக்கொண்டு வந்தவர். இறங்கும்போதுதான் மாமா எண்ணிப் பார்த்தார். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக் கூடாதல்லவா?

"அண்ணாச்சி, வண்டிய ஓரமாப் போட்டுட்டு நீரும் வாரும். டிக்கெட் என் பொறுப்பு."

"என்ன படம் அண்ணாச்சி?"

"என்ன படமா இருந்தா என்ன வே? குளுகுளுன்னு உக்காந்துட்டு வரலாம்லா?"

இப்படித்தான் எங்கள் குடும்பத்தின் முக்கியமான நாள் ஒன்றில் ஒரு ஆட்டோ ஓட்டுநர் நான்காவது ஆளாகச் சேர்ந்தார். அந்தப் படத்தை முழு மனதோடு ரசித்த ஒரே ஆளும் அவர்தான்.

கோயில் ஏன் இல்லை

எங்கள் பக்கத்தில் முறையாகப் பெண் பார்க்கப் போவதற்கு முன்னால் ஒரு சும்மாப் பார்த்தல் உண்டு. இரண்டு வீட்டாரும் கோயிலுக்குப் போவார்கள். பிரகாரத்தில் "அடடே, நீங்களா!" என்று தற்செயலாகச் சந்தித்துக்கொள்வார்கள். பிடித்திருந்தால் மேற்கொண்டு பேச்சு நடக்கும். பிடிக்கவில்லை என்றால் சாமி கும்பிட வந்தோம், கும்பிட்டோம், போனோம். யாருக்கும் அவமானம் இல்லை.

எனக்குப் பார்த்திருந்த சங்கரியை அப்படி ஏற்கெனவே மூன்று முறை கோயிலுக்கு அழைத்துவந்திருக்கிறார்கள். மூன்றாவது முறை வாசலில் பூ விற்கும் அம்மா, "என்ன தாயி, இன்னைக்கு வாரது எத்தனாவது மாப்பிள்ள?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டாராம். அதோடு சங்கரி, "இனிமே அந்தக் கோயில் வாசல மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

ஆடி பிறக்க நாள் அதிகம் இல்லை. ஆடி பிறந்துவிட்டால் பேச்சே எடுக்க முடியாது. தரகர்தான் தியேட்டர் என்று யோசனை சொன்னார்.

எந்தப் படம் என்று முடிவு செய்ய மாமா இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். டவுனிலும் ஜங்ஷனிலும் ஓடிய படங்கள் எல்லாவற்றையும் பஞ்சாங்கம் பார்ப்பதுபோல் விசாரித்தார். ஒன்றில் கதாநாயகி விதவை. ஆகாது. ஒன்று பேய்ப் படம். அபசகுனம். ஒன்று காதல் படம். "பொண்ணோட அப்பன பக்கத்துல வச்சிக்கிட்டு முத்தம் குடுக்கத எப்படிலே பாக்க?" மிச்சமிருந்தது ஒரு சண்டைப் படம். தமிழில் குரல் கொடுத்த வெளிநாட்டுப் படம்.

"சண்டன்னா வம்பில்ல. அடிச்சான், விழுந்தான், முடிஞ்சுது. என்னலே சொல்லுத?"

சரி என்று தலையாட்டினேன். உள்ளுக்குள் எனக்குத் தலைகால் புரியவில்லை. அது 'ஏழு வாசல்' படத்தின் இரண்டாம் பாகம்.

ஈரக் கை

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போய் வர வேண்டியிருக்கிறது.

நான் எதற்கும் பயப்படுகிறவன். பத்திரிகையில் வரும் இந்தத் தொடருக்குப் புதன்கிழமை எழுதிக் கொடுக்க வேண்டும் என்றால் திங்கட்கிழமை காலையிலேயே பேனாவும் தாளுமாக உட்கார்ந்துவிடுவேன். பஸ் ஏறினால் ஓட்டுநர் தூங்குகிறாரா என்று பார்ப்பேன். கடையைப் பூட்டிவிட்டுப் பாதி தூரம் வந்து, பூட்டினேனா என்று திரும்பிப் போவேன்.

பள்ளிக்கூடம் போவதும் அப்படித்தான் நின்றது. ஒன்பதாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வு, கணக்குப் பரீட்சை. கேள்வித்தாளை வாங்கினதும் கை வேர்த்தது. வேர்த்த கை பட்டு விடைத்தாள் நனைந்தது. நனைந்த தாளில் பேனா எழுதவில்லை. எனக்கு விடை தெரியும். அதுதான் இன்றைக்கும் வருத்தம். ஒன்றுக்குப் போக வேண்டும் என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தவன், அப்படியே நடந்து பேட்டைக்கு வந்துவிட்டேன்.

பேட்டையில் சாகுல் பாய் ஒரு வீடியோ கேம் கடை வைத்திருந்தார். வெளிச்சம் விழாமல் இருக்க வாசலில் கனத்த படுதா. உள்ளே மூன்று டிவி, வெக்கை, பிளாஸ்டிக் சூடாகும் வாசனை. அரை மணி நேரத்துக்கு ஐந்து ரூபாய். எல்லோரும் ஆடியது 'ஏழு வாசல்'. ஏழு கதவு. ஒவ்வொரு கதவுக்கும் ஒரு ஆளை அடித்துத் தள்ளிவிட்டு உள்ளே போக வேண்டும்.

அந்தச் சண்டைக்காரர்களின் இங்கிலீஷ் பெயரை எங்களில் எவனும் படித்ததில்லை. நாங்களே பெயர் வைத்தோம். பனியன் போட்டவன் பனியன். சங்கிலி சுழற்றுகிறவன் சங்கிலி. காலைத் தூக்கிக் கீறுகிற பெண்ணுக்குக் கோழி. என்னுடைய ஆள் குடைக்காரர். ஒல்லியாக, கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு, கையில் மடக்கிய குடையோடு அமைதியாக நிற்பார். எதிராளி பாய்ந்து வரும்போது ஜாய்ஸ்டிக் குச்சியைக் கீழே, கீழே, முன்னால் தள்ளி, இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்த வேண்டும். குடை விரியும். எந்த அடியும் அதற்குள் வராது.

எந்த அடியும் உள்ளே வராத ஒரு குடை. என்னைப் போன்றவனுக்கு வேறு என்ன வேண்டும்? அந்தக் குச்சியைப் பிடித்தால் மட்டும் என் கை வேர்க்காது.

பள்ளிக்கூடத்துக்கு நான் திரும்பவில்லை. அம்மா அடித்தாள், அழுதாள், பிறகு விட்டுவிட்டாள். சாகுல் பாய் கடையில் உடைந்த குச்சிகளைக் கழற்றிப் பார்க்க ஆரம்பித்து, அதுவே தொழிலாகிவிட்டது. இப்போது பேட்டையில் எனக்கு ஒரு சின்னக் கடை. செல்போன், ரிமோட், மிக்ஸி, விளையாட்டுக் குச்சி எல்லாம் பழுது பார்க்கிறேன். வருமானத்துக்குக் குறை இல்லை.

ஆனால் கல்யாணப் பேச்சில் முதல் கேள்வி "என்ன படிச்சிருக்கார்?" என்பதுதான். நான் தரகரிடம் ஒன்பது என்றுதான் சொன்னேன். அவர் மூன்றைக் கூட்டி பிளஸ் டூ ஆக்கிவிட்டார். இது எனக்குத் தெரியவந்ததே தியேட்டருக்குப் போவதற்கு முந்தின நாள்தான். பெண் பி.காம். அம்பாசமுத்திரத்தில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறாள்.

"மாமா, உண்மையச் சொல்லிருவோம்."

"சொல்லலாம்லே. நிச்சயத்துக்கு அப்புறம் பைய சொல்லிக்கிடலாம். என்னத்துக்கு அவசரப்படுத?"

அன்று இரவு நான் தூங்கவில்லை. காலையில் மூன்று முறை பேண்ட் மாற்றினேன். சட்டையில் ஈயம் பற்றவைக்கிற வாசனை வருகிறதா என்று அம்மாவை முகர்ந்து பார்க்கச் சொன்னேன்.

"ஒரு வாசனையும் இல்ல, கெளம்பு ராசா" என்றாள் அம்மா. மூக்கடைப்போடு இருந்தாள் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

வேறு முகம்

மாமா ஆட்டோவிலேயே ஒரு சட்டம் போட்டிருந்தார். பேச்சு முடிகிற வரைக்கும் அவர்கள் காசில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. நம் காசில் அவர்களுக்கும் வாங்கிக் கொடுக்கக் கூடாது. சம்பந்தம் பேசுகிற இடத்தில் கை நனைத்துவிட்டால் சம்மதம் சொன்ன மாதிரி. பிறகு வாயால் மறுக்க முடியாது. வீட்டிலிருந்து தண்ணீர் பாட்டில் கொண்டுபோயிருந்தோம். அதைத் தியேட்டர்காரர்கள் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

"அடடே, நீங்களா!" என்றார் மாமா, தியேட்டர் முன்கூடத்தில்.

"ஆமா, சும்மா ஒரு படம் பாக்கலாம்னு…" என்றார் சங்கரியின் அப்பா. வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை. ஒரு சண்டைப் படத்துக்கு யாரும் அப்படி வர மாட்டார்கள். சங்கரி பச்சை நிறச் சுடிதார் போட்டிருந்தாள். முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. செருப்பைப் பார்த்தேன். ஒரு வார் புதிதாகத் தைத்திருந்தது. தையல் சுத்தமாக இருந்தது.

படம் ஆரம்பித்தது.

அந்த விளையாட்டை வைத்து எடுத்த படத்தின் முதல் பாகத்தை நான் சாகுல் பாயோடும் கடைப் பையன்களோடும் பார்த்திருக்கிறேன். கடையையே பூட்டிவிட்டுப் போனோம். பெரிய கதை ஒன்றும் கிடையாது. ஆனால் சண்டை போட்டால் கை தெரியும், கால் தெரியும், யார் யாரை அடித்தார்கள் என்று தெரியும். கடைசியில் குடை விரிந்தபோது தியேட்டரே எழுந்து நின்றது.

இரண்டாம் பாகத்தில் முதல் காட்சியிலேயே கதாநாயகன் கதவைத் திறந்துகொண்டு வந்தான். எனக்குக் குழப்பமாகிவிட்டது. அதே பெயர். அதே கிழிந்த சிவப்புச் சட்டை. முகம் மட்டும் வேறு. பழைய நடிகன் இல்லை. ஏன் இல்லை, எங்கே போனான் என்று ஒரு வார்த்தை கிடையாது. எல்லோரும் இந்தப் புதுமுகத்தைப் பார்த்து, "வந்துட்டியா நண்பா" என்கிறார்கள்.

பிறகு ஆட்கள் வந்தார்கள். வந்துகொண்டே இருந்தார்கள். விளையாட்டில் இருக்கிற அத்தனை பேரையும் படத்தில் காட்டிவிட வேண்டும் என்று யாரோ நேர்ந்துகொண்டதுபோல, ஒருவன் வருவான், பெயரைச் சொல்வான், அடி வாங்கிச் சாவான். அடுத்தவன் வருவான். சண்டையை அரிசி புடைக்கிற மாதிரி குலுக்கிக் குலுக்கிக் காட்டினார்கள். யார் கை, யார் கால் என்று ஒன்றும் விளங்கவில்லை.

"இவன் நல்லவனா கெட்டவனா?" என்று அம்மா கேட்டாள்.

"செத்துட்டான்மா."

அப்போதுதான் குடைக்காரர் வந்தார். மழை. ஒற்றைத் தெருவிளக்கு. கறுப்புக் கோட்டு. நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். பச்சைப் பூதம் ஒன்று அவரை நோக்கி ஓடிவருகிறது. கம்ப்யூட்டரில் செய்த பூதம். தண்ணீரில் ஊறிய சோப்புக் கட்டி மாதிரி இருந்தது. குடைக்காரர் குடையைத் தூக்குகிறார். சரி, இப்போது. இப்போது.

விரிக்கவில்லை.

"குடைய விரிலே!" என்று கத்திவிட்டேன்.

நான் கத்தினேன் என்பது கத்தி முடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கூட்டம் அதிகம் இல்லாத தியேட்டர். அந்த நேரம் பார்த்துப் படத்திலும் சத்தம் இல்லை. மாமா என் தொடையைக் கிள்ளினார். சங்கரியின் அத்தை எட்டிப் பார்த்தார்.

காலி நாற்காலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "விரிக்க மாட்டான்."

பூதம் அடித்தது. குடைக்காரர் விழுந்தார். அவ்வளவுதான். படம் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

இடைவேளை

"நமக்கு மட்டும் வாங்கிட்டு வா. நாலு டீ, நாலு பப்ஸ். அவியளுக்குக் கூடாது" என்றார் மாமா.

கேண்டீன் வரிசையில் எனக்கு முன்னால் சங்கரி நின்றாள். அவர்கள் வீட்டிலும் அதே உத்தரவு போலிருக்கிறது. எனக்குப் பின்னால், தட்டைத் தூக்கிக்கொடுப்பதற்காகச் செல்லையா அண்ணாச்சி.

அவள்தான் திரும்பினாள்.

"நீங்கதான கத்துனது?"

"ஆமா. தெரியாமக் கத்திட்டேன். மன்னிச்சிருங்க."

"என்னத்துக்கு மன்னிப்பு? கத்த வேண்டிய எடம்தான். குடையக் கையில குடுத்து, விரிக்க விடாமக் கொன்னுட்டானுவ."

"நீங்க ஆடியிருக்கியளா?"

"எங்க அண்ணன் துபாய்ல இருந்து கேம் ஆடுத பெட்டியோட கொண்டாந்தான். லீவுக்கு வந்தான்னா வீட்டுல அதுதான் வேல. எங்க அப்பா பக்கத்துல உக்காந்து யாரு ஜெயிச்சான்னு சொல்லுவாவ. என் ஆளு ஜிமிக்கி."

"ஜிமிக்கியா? யாரு, கால்ல கீறுவாளே… கோழியா?"

"கோழியா?" அவள் கண்ணை உருட்டினாள். "அவ எவ்வளவு பெரிய ஜிமிக்கி போட்டிருப்பா! அது உங்க கண்ணுக்குத் தெரியல, கோழிதான் தெரிஞ்சுதாக்கும்?"

"எங்க கடையில எல்லாம் ஆம்பளப் பயலுவ. ஜிமிக்கிய எவன் பாத்தான்? குடைக்காரர உங்க வீட்டுல என்ன சொல்லுவிய?"

"கணக்கு வாத்தியார். எங்க பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியார் அப்படித்தான், வெயில்னாலும் மழன்னாலும் மடக்கின குடையோட வருவாவ. ஒரு நாளும் விரிச்சுப் பாத்ததில்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணக்குப் பரீட்சையிலிருந்து ஓடிவந்தவன், அத்தனை வருடமும் ஒரு கணக்கு வாத்தியாராக நின்று சண்டை போட்டிருக்கிறேன்.

சிரித்த வேகத்தில் அதையும் சொல்லிவிட்டேன். சிரிக்காமல் இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"ஒரு விசயம் சொல்லணும். தரகர் உங்ககிட்ட பிளஸ் டூன்னு சொல்லியிருப்பார். நான் ஒம்பதாவது. அதுவும் முழுசா இல்ல. காலாண்டுப் பரீட்சையில பாதியில எந்திரிச்சு வந்துட்டேன்."

வரிசை ஓர் ஆள் நகர்ந்தது. அவளும் நகர்ந்தாள்.

"என்ன பரீட்சை?"

"கணக்கு."

"வாத்தியாருக்குப் பயந்தா?"

"இல்ல. பேப்பருக்கு. கை வேர்த்துரும்."

அவள் கொஞ்ச நேரம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பப்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்தது, ஆழ்வார்குறிச்சிக்கு அடுத்த பஸ் எப்போது என்று யோசிக்கிறாள் என்று நினைத்தேன்.

"அந்தச் செவப்புச் சட்டைக்காரன் மொதப் பாகத்துல நடிச்சவன் இல்லல்லா?"

"இல்ல. வேற ஆளு."

"ஆளையே மாத்திட்டு ஒரு வார்த்த சொன்னானுவளா? எங்க அப்பா அர மணி நேரமா அவன வில்லன்னு நெனச்சுப் பாத்துட்டு இருக்காவ. நீங்க எடவேளைக்குள்ள சொல்லிட்டிய."

இது சம்மதமா, இல்லையா? கேட்க நினைப்பதற்குள் அவளுடைய முறை வந்தது. வாங்கிக்கொண்டு ஒதுங்கி நின்றாள். அடுத்து நான். நாலு டீ, நாலு பப்ஸ், இருநூற்று நாற்பது ரூபாய். போனை நீட்டினேன். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பர்ஸைத் தேடினேன். காலையில் கழற்றிப் போட்ட பேண்டுகளில் ஏதோ ஒன்றில் இருந்தது.

"ஏ எப்பா, படம் போட்டுட்டான், சீக்கிரம்!" என்று பின்னாலிருந்து ஒருவர்.

கை வேர்க்க ஆரம்பித்தது. போன் வழுக்கியது.

என் தோளுக்கு மேலாக ஒரு கை வந்தது. டிங் என்று சத்தம். சங்கரி தன் போனைச் சுடிதார் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"ஐயோ, வேண்டாங்க. எங்க மாமா…"

"எங்க அத்தையும் அப்படித்தான். டீ ஆறுது, போங்க."

யார் காசு?

இருட்டில் தட்டைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். சொல்லலாமா வேண்டாமா என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருக்கும்போதே மாமா பப்ஸைக் கடித்துவிட்டார்.

"தங்கமான பொண்ணு அண்ணாச்சி" என்றார் செல்லையா அண்ணாச்சி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "தம்பி போனு சுத்துது. அது பட்டுனு தன் போனை எடுத்துக் காசக் கட்டிட்டு."

மாமாவின் தாடை நின்றது. வாயில் இருந்ததைத் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

"ஏலே. யாரு காசுலே இது?"

"நான் தின்னுட்டேனே!" என்றாள் அம்மா. காலையிலிருந்து வெறும் வயிறு. கடைசித் துணுக்கு அவள் உதட்டில் ஒட்டியிருந்தது.

அந்தப் பக்கத்திலும் செய்தி போய்விட்டது. "ஏளா சங்கரி, நாமளே வலியப் போய் ஊட்டிவிட்ட மாதிரில்லா ஆயிப்போச்சு! படம் முடியதுக்குள்ள காச வாங்கிரு" என்று அத்தை அடங்கின குரலில் சொன்னது, காலி நாற்காலியைத் தாண்டி எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

மாமா வேட்டி மடிப்பிலிருந்து ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து என் கையில் திணித்தார். "படம் முடிஞ்ச ஒடனே குடுத்துரு. குடுத்துட்டா நம்ம காசுல தின்ன கணக்கு. மீதிய வாங்கிட்டு வா."

பிற்பாதி பற்றி எழுத அதிகம் இல்லை. ஏழு கதவு என்று சொன்னவர்கள் நாலு கதவைத்தான் காட்டினார்கள். வில்லனுக்குத் திடீரென்று அண்ணன் ஒருவன் வந்தான். சிவப்புச் சட்டைக்காரன் தன் அப்பாவைப் பற்றி நீளமாக அழுதான். ஆட்கள் எழுந்து போகத் தொடங்கினார்கள். செல்லையா அண்ணாச்சி மட்டும் பூதம் வரும்போதெல்லாம் விசில் அடித்தார்.

அந்தப் படத்தை எத்தனை வருடம் எதிர்பார்த்தேன் என்பதை நினைத்தால் அழுகை வர வேண்டும். வரவில்லை. கையில் ஒரு நோட்டு நனைந்துகொண்டிருந்தது. கவலை முழுக்க அதில்தான்.

மழையில் கிடந்த குடை

படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்தன. பெரியவர்கள் எழுந்து வாசலுக்குப் போனார்கள். சங்கரியின் அண்ணன் மனைவி கதவருகே நின்று துபாய்க்குப் போன் பேசிக்கொண்டிருந்தார். சங்கரி எழுந்திருக்கவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. முதல் பாகத்தில் பெயர்கள் ஓடி முடிந்த பிறகு ஒரு துண்டுக் காட்சி வரும். தெரிந்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். செல்லையா அண்ணாச்சி விளக்குப் போடட்டும் என்று உட்கார்ந்திருந்தார்.

"மாமா காசக் குடுக்கச் சொன்னாவ."

"கேட்டுது. அத்தையும் வாங்கச் சொன்னா."

"ஐந்நூறா இருக்கு."

"எங்கிட்ட சில்லற இல்ல."

பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"இப்பம் நான் வாங்கிட்டா என்ன ஆவும்னு தெரியும்லா?" என்றாள். "நான் உங்களுக்குப் பப்ஸ் வித்த மாதிரி ஆயிரும். வித்தாச்சு, காசு வந்தாச்சு, கடையப் பூட்டியாச்சு."

எனக்குப் பதில் தெரியும். இந்த முறையும் தெரியும்.

அந்த நேரத்தில் திரை வெளிச்சமானது. மழை. சேறு. சேற்றில் குடைக்காரரின் குடை கிடக்கிறது. கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு கை கீழே வருகிறது. குடையின் பிடியைப் பற்றுகிறது. மெல்லத் தூக்குகிறது. நாங்கள் இரண்டு பேரும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டோம்.

திரை இருண்டது. விளக்குகள் எரிந்தன.

"விரிக்கலையே வே!" என்று செல்லையா அண்ணாச்சி நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

"மூணாவதுல விரிப்பான்" என்றாள் சங்கரி.

"மூணாவது வருமா? இந்தப் படத்த எடுத்த பெறவு எவன் காசு போடுவான்?"

"வரும். அவரு குடைய விரிக்கட்டும். அன்னைக்கு வாங்கிக்கிடுதேன் உங்க இருநூத்தி நாப்பத."

ஒரு இரண்டாம் பாகம் வரவே எத்தனை வருடம் ஆனது என்று எனக்குத் தெரியும். அந்தக் கணக்கு மனதில் ஓடி முடியக் கொஞ்ச நேரம் பிடித்தது. முடிந்ததும், ஈரமான நோட்டை மடித்து என் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

வெளியே சாரல் காற்று அடித்துக்கொண்டிருந்தது. மாமா ஓடிவந்தார்.

"குடுத்துட்டியா?"

"இல்ல மாமா. மூணாம் பாகம் வந்த பெறவு வாங்கிக்கிடுதாவளாம்."

"அது எப்பம் வருது?"

"தெரியல. நாலஞ்சு வருசம் ஆகலாம். வராமலும் போகலாம்."

மாமா என்னைப் பார்த்தார். சங்கரியைப் பார்த்தார். சங்கரி அவள் அப்பாவிடம் ஏதோ தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒன்பது என்று விரலில் காட்டியதையும் பார்த்தேன். அவள் அப்பா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். பிறகு நேராக என்னிடம் வந்தார்.

"எங்க வாத்தியாரக் கொன்னுட்டானுவ, பாத்தியளா தம்பி?" என்றார். "அவரு இல்லாம என்ன படம்? வாங்க, எதித்தாப்புல ஒரு டீயக் குடிப்போம்."

"அந்தக் காசு நான்தான் குடுப்பேன்" என்றார் மாமா.

"அதெப்படி? கூப்பிட்டது நானுல்லா!"

டீக்கடை வாசலில் இரண்டு பேரும் ஒருவர் சட்டைப் பையை மற்றவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் செல்லையா அண்ணாச்சி கொடுத்துவிட்டார்.

ஆவணியில் கல்யாணம். இப்போது என் கடையில் பில் போடுவது சங்கரிதான். நான் பூட்டினேனா என்று திரும்பிப் போக வேண்டிய தேவை இல்லை, பூட்டுவதும் அவள்தான். மாமாவின் ஐந்நூறை அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஈரமாக இருக்கிறதே என்று கேட்டார்.

மூன்றாம் பாகம் எடுக்கப்போகிறார்கள் என்று அவ்வப்போது செய்தி வருகிறது. பழைய நடிகனே திரும்ப வருகிறான் என்றும் சொல்கிறார்கள். போன வாரம் செல்லையா அண்ணாச்சி ஆட்டோவை நிறுத்திவிட்டு அதைக் கேட்கவே கடைக்கு வந்தார். நன்றாக எடுப்பார்களா, அதையும் கெடுத்துவிடுவார்களா என்று எனக்கு இப்போதே கவலை. எடுப்பார்கள் என்கிறாள் சங்கரி. குடை விரியும் என்கிறாள். அதுவரைக்கும் வட்டி கிடையாதாம்.

இன்றைய தேதிக்கு நான் அவளுக்குத் தர வேண்டிய பாக்கி, இருநூற்று நாற்பது ரூபாய்.